ரெண்டு சொட்டுத் தண்ணி

…இல்ல, நான் கேக்கறேன், முதுகு வலிக்காரங்க வந்து உக்கார்ற எடத்துல போடற நாற்காலியா இது? நல்ல முதுகோட வந்தவங்களுக்கே பத்து நிமிஷத்துல சந்தேகம் வந்துடும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்குல்ல ஒரு பொண்ணு, அதுகிட்டயே போய்க் கேட்டுட்டேன், ஏம்மா, இந்த நாற்காலியும் ஆராய்ச்சியில சேர்த்திதானான்னு. சிரிக்கவே இல்ல அது. "குறிச்சு வெச்சுக்கறேன் மேடம்"னுச்சு. நிஜமாவே குறிச்சுது. மூணு வாரமாச்சு, அதே நாற்காலி, அதே நான்.

உக்காருங்கம்மா, உக்காருங்க. ஓரமா உக்காருங்க, நடுவுல குழி. முதல் நாளா? அந்தச் சம்மதப் பாரத்தைக் கையில புடிச்சிருக்கற விதத்துலயே தெரியுது. கழுத்துல அளவு டேப்பு தொங்குது பாருங்க… எடுக்க மறந்துட்டீங்களா. தையல் வேலையா? அப்ப சரிதான். நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்.

அந்தப் பலகையைப் பாக்கறீங்களா? "பங்கேற்பாளர்கள் சிகிச்சையைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டாம்." நல்லாப் படிங்க. பங்கேற்பாளர்கள். நான் பங்கேற்பாளர் இல்லம்மா, பங்கேற்பாளரோட சம்சாரம். சம்சாரத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கெடையாது. வந்த அன்னைக்கே ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். அதனால நான் பேசலாம், நீங்கதான் பேசக் கூடாது. நீங்க பேசாம இருங்க.

உள்ள இருக்காரு எங்க வீட்டுக்காரர். ரெண்டாம் நம்பர் அறை. பஸ் டிரைவர். இருவத்தி நாலு வருஷம் ஒரே சீட்டு. சீட்டுன்னா சீட்டு மாறும், பஸ்ஸு மாறும், உக்கார்ற விதம் மாறாது. இடது கால் மேல, வலது கால் கீழ, இடுப்பு ஒரு பக்கமா. நானே சொல்லியிருக்கேன், இப்படி உக்காந்தீங்கன்னா ஒரு நாள் மாட்டிக்குவீங்கன்னு. மாட்டிக்கிட்டாரு. போன வருஷம் ஒரு நாள் காலையில ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டாரு. நான் ஏதோ தேடறாருன்னு நெனச்சேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு "என்ன தேடறீங்க"ன்னு கேட்டேன். "உன்னத்தான்"னாரு.

நான் டீச்சர். உயிரியல். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. இருவத்திரெண்டு வருஷமாச்சு. அதனாலதான் இந்த வினையே.

பாரத்துல நாலாம் பக்கம் பாருங்க. படிக்கலையா? கையெழுத்து போட்டாச்சா? அது சரி. எல்லாரும் அப்படித்தான். பதினோரு பக்கத்துல முக்கியமானது நாலாம் பக்கம்தான். இங்க ரெண்டு அறை. ரெண்டு மிஷின். ஒலி அலை வர்ற மிஷின், காதுக்குக் கேக்காத ஒலி. முதுகுல குளுகுளுன்னு ஒரு பசையைத் தடவி, கைப்பிடி மாதிரி ஒண்ண வெச்சு வட்டம் வட்டமா தேய்ப்பாங்க. ஒரு மிஷின்ல அலை வரும். இன்னொண்ணுல வராது. ஆனா ரெண்டுலயும் பச்சை விளக்கு எரியும், ரெண்டும் ஒரே மாதிரி உய்யின்னு கத்தும். எது எதுன்னு தேய்க்கற பொண்ணுக்கே தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. எங்கயோ ஒரு பெட்டியில எழுதிப் பூட்டி வெச்சிருக்காங்களாம், எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தெறப்பாங்களாம். ஏமாத்து வேலை இல்லம்மா, மொகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. ஆராய்ச்சின்னா அப்படித்தான் பண்ணணும். வேற வழியே கெடையாது. நானே வருஷா வருஷம் கரும்பலகையில படம் போட்டு சொல்லித் தர்றேன்.

மொத்தம் பன்னெண்டு தடவை வரணும். தினம் காலையில எழுந்ததும் வலி எவ்வளவுன்னு பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதணும். எங்க வீட்ல அந்தக் காகிதத்தை பிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கோம். வந்த புதுசுல எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. ஒரு நாள் பன்னெண்டுன்னு எழுதினாரு, நான்தான் அடிச்சு பத்து ஆக்கினேன். அப்புறம் பாருங்க… ஏழு. ஆறு. அஞ்சு. ஆறாவது தடவை வந்துட்டுப் போன மறுநாள் மூணு. மூணும்மா! மனுஷன் கட்டில்லேர்ந்து தானா எழுந்து, தானா லேஸ் கட்டி, எனக்கு காபி வேற போட்டுக் குடுத்தாரு. காபி நல்லா இல்ல. அத சொன்னேன். அதுக்கும் சிரிச்சாரு.

அதோட விட்டிருக்கணும். விடல.

எங்க பள்ளிக்கூடத்துல வருஷத்துக்கு ஒரு நாள் நான் பரிணாம நாள்னு ஒண்ணு கொண்டாடுவேன். நான் ஆரம்பிச்சதுதான். பக்கத்து வகுப்புல கணக்கு டீச்சருக்கு ஆகாது, ஒரே சத்தம்னு தலைமை ஆசிரியர்கிட்ட புகார் சொல்லும். சொல்லட்டும். கணக்குல கொண்டாட என்ன இருக்கு? நாங்க நாலு சுவத்தையும் சுத்தி ஒரு நீளக் காகிதம் ஒட்டுவோம். கதவுகிட்ட பூமி பொறந்தது. மூணு சுவரு தாண்டற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிருங்கதான், பசங்களுக்கு போரடிச்சுடும். நாலாவது சுவத்துலதான் மீன், தவளை, பல்லி எல்லாம். மனுஷன் வர்றது கடைசி நூல் அகலத்துல. அந்த எடத்துல ஒரு பென்சில் கோடு போடுவேன். நாப்பது பசங்களும் வரிசையா வந்து அந்தக் கோட்டைத் தொட்டுட்டுப் போவாங்க. அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வால் எலும்பைத் தொட்டுப் பாக்கணும். அதுல ஒரே கூத்து.

முதுகெலும்புதான் எனக்குப் பிடிச்ச பாடம். நூல் தீர்ந்த கட்டைங்க இருக்குல்ல, உங்க கடையில நெறைய கெடக்குமே, அதுங்களைக் கயித்துல கோத்து முதுகெலும்பு பண்ணி வெச்சிருக்கேன். நாலு கால்ல நடக்கறப்ப அது துணி காயற கொடி மாதிரி. குறுக்கால இருக்கும், வயிறு, குடலு எல்லாம் அதுல தொங்கும். ஒரு கஷ்டமும் இல்ல. நாம என்ன பண்ணினோம், அந்தக் கொடியைத் தூக்கி நெட்டுக்குத்தா நிறுத்தி, மேல ஒரு தலையை வேற வெச்சோம். புதுசா ஒண்ணு செஞ்சு குடுக்க யாரும் இல்ல, இருக்கறதை வெச்சு ஒட்டுப் போட்டதுதான். அதான் வலிக்குது. உங்க முதுகு வலி தையல் மிஷினால மட்டும் வந்ததுன்னு நெனைக்காதீங்க. அதுக்கு அஸ்திவாரம் பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே போட்டாச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், அவரு லேஸ் கட்டக் குனிஞ்சு நின்ன அன்னைக்கு. அவருக்கு ஆறுதலா இல்ல.

இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை. நூல் கட்டை எதுக்கு, உயிரோட ஒரு முதுகெலும்பே வீட்ல இருக்கேன்னு. கூட்டிட்டுப் போனேன். வரமாட்டேன்னாரு. பசங்க கேக்கறாங்கன்னு சொன்னேன். பசங்க கேக்கல, ஆனா கேட்டிருப்பாங்க. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. மேடைக்குப் பக்கத்துல நிக்க வெச்சு, இவருக்கு எப்படி வலி வந்தது, முதுகெலும்புல எந்தத் தட்டு பிதுங்கியிருக்கு, என்ன ஆராய்ச்சி, என்ன மிஷின், எல்லாம் சொன்னேன். கடைசியில "குனிஞ்சு காட்டுங்க"ன்னேன். குனிஞ்சு ஷூ நுனியைத் தொட்டாரும்மா. நாப்பது பசங்களும் கை தட்டினாங்க. திரும்பவும் ஒரு தடவை தொட்டாரு, யாரும் கேக்காமலே.

அப்பத்தான் கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு பொண்ணு கையத் தூக்குச்சு. சோடாபுட்டி கண்ணாடி, வருஷம் பூரா வாயே தெறக்காது. "மிஸ், மிஷினாலதான் சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? சாருக்குப் பொய் மிஷினா இருந்தா?"

அம்மாடி, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இருவத்திரெண்டு வருஷத்துல இப்படி ஒரு கேள்விக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன். அங்கயே முதல் பரிசு. பூதக்கண்ணாடி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன், தூக்கிக் குடுத்துட்டேன். நல்லாக் கை தட்டுங்கன்னேன். எங்க வீட்டுக்காரர் கை தட்டினாரா இல்லையான்னு தெரியல. அவரு மொகத்தை நான் பாக்கல. அந்தப் பொண்ணு மொகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. எங்க பிசிக்ஸ் சாரைக் கேட்டேன், ஒலி அலை வருதா வரலையான்னு எப்படிப் பாக்கறதுன்னு. சுலபம் மேடம்னாரு. கைப்பிடியைத் தலைகீழாப் புடிச்சு, அந்தத் தட்டையான எடத்துல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க, அலை வந்தா தண்ணி துள்ளும், வரலன்னா சும்மா கெடக்கும். இவ்வளவுதான். பதினோரு பக்கம் பாரம், பூட்டின பெட்டி… ரெண்டு சொட்டுத் தண்ணியில முடிஞ்சு போச்சு.

ஏழாவது தடவை வந்தப்ப நானும் உள்ள போனேன். அப்பல்லாம் என்னை உள்ள விட்டாங்க. இவரு குப்புறப் படுத்திருக்காரு, மொகத்துக்கு அந்தக் கட்டில்ல ஒரு ஓட்டை இருக்கும், அதுல மூஞ்சிய வெச்சுக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டிருக்காரு. பாதியில அந்தப் பொண்ணுக்கு வீட்லேர்ந்து போன். ரெண்டே நிமிஷம் சார்னு வெளிய போச்சு. ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கு. மிஷினுக்கு அடியில சக்கரம் இருக்கு. அடுத்த அறையில ஆள் இல்ல. நான் என்ன கல்லா? அந்த மிஷினையும் உருட்டிட்டு வந்து இதுக்குப் பக்கத்துலயே நிறுத்தி, பிளக்கைச் சொருகி ஓட விட்டேன். ஒண்ணோட மட்டும் நிறுத்தினா அது சோதனையே இல்லையே, பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கணும்ல. ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு சொட்டு. "என்னடி உருட்டற"ன்னாரு கட்டிலுக்கு அடியிலேர்ந்து. "ஒண்ணுமில்ல, படுங்க"ன்னேன்.

அந்த அறை மிஷின்ல தண்ணி துள்ளுச்சு பாருங்க… ஆவி மாதிரி பறந்துச்சு. இவரு மிஷின்ல சும்மா உக்காந்திருந்துச்சு. இலையில விழுந்த மழைத்துளி மாதிரி, அப்படியே. பச்சை விளக்கு எரியுது. உய்யின்னு கத்துது. தண்ணி அசையல.

அன்னைக்குத் திரும்பிப் போறப்ப பஸ்லயே சொல்லிட்டேன். இவரு பஸ்ல போனாலும் டிரைவருக்குப் பின்னாடி சீட்லதான் உக்காருவாரு, அவன் கியர் போடறதப் பாத்து முணுமுணுத்துக்கிட்டே வருவாரு. நான் எல்லாத்தையும் விளக்கமா சொன்னேன். தண்ணி, கதவு, சக்கரம் எல்லாம். பாத்தீங்களா, உங்க உடம்பே தானா சரி பண்ணிக்கிச்சு, மிஷின்ல ஒண்ணுமே இல்ல, எவ்வளவு அதிசயம்னேன். அதிசயம்னுதான்மா சொன்னேன். சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன். "அப்படியா"ன்னாரு. அப்புறம் கியரைப் பத்தி ஒண்ணும் முணுமுணுக்கல. எறங்கறப்ப ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்கினாரு.

மறுநாள் பிரிட்ஜ் காகிதத்துல அஞ்சு. அடுத்த நாள் ஏழு. இந்த வாரம் பூரா எட்டு.

நான் சும்மா இருப்பேனா? டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதினேன். ரெண்டு பக்கம், படத்தோட. உங்க ஆராய்ச்சியில இப்படி ஒரு ஓட்டை இருக்கு, யாரு வேணா தண்ணி ஊத்திப் பாத்துடலாம், இதச் சரி பண்ணுங்கன்னு. நன்றி சொல்லுவாங்கன்னு பாத்தா, கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. நல்ல மனுஷி அந்த டாக்டரம்மா, கோவப்படல. கோவப்பட்டிருந்தா தேவல. "எங்ககிட்ட சொன்னது சரி மேடம். அவர்கிட்ட எதுக்கு சொன்னீங்க?"ன்னாங்க. உண்மைன்னா சொல்லத்தானே வேணும்னேன். அதுக்கு அவங்க, "அவருக்கு வலி குறைஞ்சதும் உண்மைதான். அவரு நடிக்கல. நம்பினா வலியக் குறைச்சுக்கற மாதிரிதான் மூளை அமைஞ்சு வந்திருக்கு. அதுவும் பரிணாமம்தானே"ன்னாங்க. என் பாடத்தை எனக்கே நடத்தறாங்க. மிச்ச தடவைக்கும் அவரு வரலாம், நம்பர் மட்டும் கணக்குல சேராதுன்னுட்டாங்க. எனக்கு மட்டும் உள்ள போக அனுமதி இல்ல. அதான் இந்த நாற்காலி.

அடுத்த திங்கக்கிழமை டெப்போவுல உடம்புப் பரிசோதனை. நாலு மணி நேரம் விடாம உக்கார முடியுமான்னு பாப்பாங்க. முடியலன்னா வண்டியக் குடுக்க மாட்டாங்க. உதிரி சாமான் கொட்டடியில போட்டுடுவாங்க. ஆணியும் நட்டும் எண்ணிக்கிட்டு… அவரால முடியாதும்மா. ஊரே பாக்க முன்னாடி உக்காந்து போற மனுஷன். ரோட்ல யாராச்சும் கை காட்டினா ஸ்டாப் இல்லாத எடத்துலயும் நிறுத்தறவரு. அதுக்காக மூணு தடவை விளக்கம் கேட்டாங்க.

எம் பொண்ணு போன்ல கத்தறா. "அம்மா, ஒரே ஒரு வார்த்தை. நான் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லும்மா. அப்பா நம்பிடுவாரு"ங்கறா. அவளுக்கு சுலபம். எனக்கு வாய் வரல. கல்யாணமான புதுசுல கண்ணாடி முன்னாடி நின்னு "எப்படி இருக்கேன்"னு கேட்டாரு, பட்டன் மாத்திப் போட்டிருக்கீங்கன்னு சொன்னவ நான். போன மாசம் காபி. இப்படியேதான் இருவத்தாறு வருஷம். நேத்து சாயங்காலம் தீர்மானம் பண்ணிக்கிட்டு அவரு எதிர்ல போய் நின்னேன். "என்னங்க"ன்னேன். "என்ன"ன்னாரு. "துணி காஞ்சுடுச்சா பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரு எழுந்து போய்ப் பாத்தாரு, பாவம், சுவத்தைப் புடிச்சுக்கிட்டே.

எனக்கு பயமா இருக்கும்மா. நான் நெனச்சது ஒண்ணு. அவருகிட்டேர்ந்து எடுத்தது ஒண்ணு. இல்லாத மிஷினை எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன். மிஷின் இல்லம்மா அது. மூணுன்னு எழுதறப்ப அவரு மொகத்துல ஒண்ணு இருந்துச்சு, அதை எடுத்துட்டேன்…

ஆங், கதவு தெறந்துடுச்சு. வர்றாரு. இவருதான். மெதுவா வாங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. கதவு நிலையப் புடிச்சுக்குங்க.

என்னம்மா கூப்பிடறாங்க? நாப்பத்தி மூணா? உங்க நம்பரா அது? எந்த அறை… ரெண்டா.

ஏன் அப்படிப் பாக்கறீங்க என்னை? எழுந்திருங்கம்மா. அட, பாரத்தை ஏன் கசக்கறீங்க. இருங்க, இருங்க. இவ்வளவு நேரம் சொன்னேன்ல, முக்கியமானதை விட்டுட்டேன். அதாவது வந்து… நான் மாத்திப் பாத்துட்டேம்மா. ஆமா. ரெண்டு மிஷினும் அச்சு அசல் ஒரே மாதிரி, பக்கத்துல பக்கத்துல நிறுத்தினேன்ல, எது எந்த அறையிலேர்ந்து வந்ததுன்னே கொழம்பிப் போச்சு. கண்ணாடி வேற போடல. பின்பக்கம் நம்பர் ஒட்டியிருக்கும், அத நான் பாக்கவே இல்ல. அப்புறம்தான் யோசிச்சேன். துள்ளுனது இந்த ரெண்டாம் நம்பர் அறை மிஷின். ஆவியாப் பறந்துச்சுன்னேனே, அது இதுதான். இவரு மிஷின்தான். ஆறே தடவையில எட்டுலேர்ந்து மூணுக்கு வந்துடுச்சே, சும்மாவா வரும்? தைரியமாப் போங்க. பசை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான். டேப்பை எடுத்துக் கைப்பையில வெச்சுக்குங்க. போங்கம்மா.

நீங்க என்ன அங்கயே நின்னுக்கிட்டிருக்கீங்க? கேட்டுட்டீங்களா. ஆமாங்க. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இதச் சொல்லத்தான் நேத்து வந்தேன்… துணின்னு ஏதோ சொல்லிட்டேன், விடுங்க. தப்பாப் பாத்தேன்னு சொல்ல யாருக்குத்தான் வாய் வரும், அதுவும் டீச்சருக்கு. நிஜமாத்தான். ஏன் அப்படி உத்துப் பாக்கறீங்க? இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேனா? சொல்லுங்க. ஒண்ணு?

இல்லல்ல. அப்புறம் என்ன. கீழ என் பை இருக்கு, குனிஞ்சு எடுங்க, போலாம்.